இருநூறு ரூபாயில் வேலூர்: கோட்டையா, ஸ்ரீபுரமா, விரிஞ்சிபுரமா, வள்ளிமலையா?

வேலூரில் சீட்டு வாங்கி நுழைய வேண்டிய இடங்கள் குறைவு. கோட்டைக்குக் கட்டணம் இல்லை, கோயில்களுக்கு இல்லை, ஸ்ரீபுரம் பொற்கோயிலிலும் பொது வரிசை இலவசம்தான். அதனால் எது இலவசம் என்று தேடுவது இந்த ஊரில் அவ்வளவாக உதவாது. ஒரு நாளைக் கெடுப்பவை வேறு: நண்பகலில் சாத்தும் கோயில் கதவு, பத்து மணிக்கே சுட ஆரம்பிக்கும் கருங்கல் தரை, கைநழுவிப் போன திரும்பும் பஸ். ஆட்டோவுக்கும் குளிர்பானத்துக்கும் காசு இறங்குவது இந்த மூன்றினால்தான். ஆகவே இடங்களை ஒப்பிடும்போது நுழைவுக் கட்டணத்தை மறந்துவிட்டு, நாளின் எந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது என்பதை வைத்துப் பாருங்கள்.

இரண்டு வகை ஆட்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை எங்கே கூட்டிப் போவது என்று யோசிக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று. சி.எம்.சி. மருத்துவமனையில் இன்றைக்கு ஸ்கேன், நாளன்றைக்கு ரிப்போர்ட் என்று சொல்லிவிட, நடுவில் ஒரு நாள் லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கும் நோயாளியின் துணையாள் இன்னொன்று. இருவருக்கும் பட்ஜெட் ஒன்றாக இருக்கலாம், பதில் ஒன்றல்ல.

முதலில் பஸ்

கணக்கில் பாதியை முடிவு செய்வது பஸ்தான். 2021 மே முதல் அரசுச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணை ஒருவருக்கும் அப்படியே. இலவசம் என்றாலும் கண்டக்டர் கொடுக்கும் பூஜ்யக் கட்டணச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேலூரில் தவறு நடக்கும் இடம் இது: இங்கே தனியார் டவுன் பஸ்கள் நிறைய. அவற்றில் இந்தச் சலுகை கிடையாது. அவசரத்தில் முதலில் வந்த வண்டியில் ஏறினால் நான்கு பெண்கள் உள்ள குடும்பத்துக்குப் போக வர நல்ல தொகை வீணாகும். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்திருக்கிறதா, மகளிர் இலவசம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். வெளியூர் போகும் ரூட் பஸ், எக்ஸ்பிரஸ் எதிலும் இலவசம் இல்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அரசு பஸ்களில் சீட்டு வேண்டாம்.

ஊருக்குள் நடமாட காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் 1, 2 எண் பஸ்களே போதும். ரயில் நிலையம், சி.எம்.சி., கோட்டை எல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்துவிடும். கோட்டைக்கு இறங்க வேண்டியது பழைய பஸ் ஸ்டாண்ட். வெளியூர் பஸ்களுக்கு கிரீன் சர்க்கிள் பக்கத்துப் புது பஸ் ஸ்டாண்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆட்டோ பிடிப்பது புதியவர்கள் செய்யும் முதல் வீண்செலவு.

கோட்டை: காலை ஆறு முதல் பத்தரை வரை

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. முதலாவது உண்மை. மூன்றாவதைப் பாலாறு 2021 நவம்பர் வெள்ளத்தில் கொஞ்ச நாள் பொய்யாக்கியது. இரண்டாவது 1981-லேயே காலாவதி. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுக்கணக்கில் வழிபாடு இல்லாமல் கிடந்தது; லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது; ஆங்கிலேயர் காலத்தில் கோயில் ஆயுதக் கிடங்கு. 1981 மார்ச்சில் லிங்கத்தை மீண்டும் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். இன்று பூசை தவறாமல் நடக்கும் கோயில் அது.

கோட்டை 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர காலத்தது. சின்ன பொம்மி நாயக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். 133 ஏக்கர். இதை மாலையில் போய்ப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். எங்கள் கணிப்பில் அது தவறான நேரம். கருங்கல் பகல் முழுக்க வாங்கிய சூட்டை நான்கு, ஐந்து மணிக்கும் விடாது, மதிலையும் அகழியையும் பார்க்க ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் இருக்காது, கூட்டமும் அப்போதுதான். விடிந்ததும் போனால் நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிர யாரும் இல்லை, தரை குளிர்ந்து கிடக்கும், அகழித் தண்ணீரில் மதிலின் நிழல் முழுதாக விழும்.

வரிசையை மாற்றாமல் இப்படி நடங்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரே கிழக்கு வாசலில் நுழைந்ததும் முதலில் மதில்மேல் ஏறுங்கள்; அது வெயில் வருமுன் முடிய வேண்டிய வேலை. உள்மதில், வெளிமதில் என்று இரண்டு அடுக்கு; வெளியே அகழி. மேலிருந்து கீழே பார்க்கும்போது வாசல் வழி நேராக உள்ளே வராமல் வளைந்து திரும்பி வருவது தெரியும். யானையோ பீரங்கியோ நேர்க்கோட்டில் வந்து கதவை மோத முடியாதபடி செய்த ஏற்பாடு அது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூச்சு தெரிகிறதா என்று பாருங்கள். செதுக்கிப் பொருத்தியே அடுக்கியிருக்கிறார்கள். மதில் ஓரத்தில் எல்லா இடத்திலும் கைப்பிடி இல்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு கையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழரை மணிவாக்கில் இறங்கிக் கோயிலுக்குள் போகலாம். நேராகச் சந்நிதிக்கு ஓடாதீர்கள். நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். வேலூரில் காசில்லாமல் பார்க்கக் கிடைப்பதில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது எங்கள் தீர்மானம். தூண்களில் பின்னங்கால் ஊன்றி எழும் குதிரைகளும் யாளிகளும் தனித்தனியாக நிற்கும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நடு மண்டபத்தில் கூரையை அண்ணாந்து பாருங்கள்: விரிந்த தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் கல்லில். பிள்ளைகளுக்கு இதைக் காட்டி எண்ணச் சொன்னால் கால்மணி நேரம் அமைதி கிடைக்கும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறபோதுதான் செதுக்கலின் ஆழம் தெரியும். நண்பகலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும், அதற்குள் நடையும் சாத்திவிடுவார்கள்.

அடுத்து அரசு அருங்காட்சியகம். சில ரூபாய் கட்டணம் உண்டு. இந்த நடையில் காசு கேட்கும் ஒரே இடம். ஒன்பதரைக்குத்தான் திறக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வார விடுமுறை ஞாயிறு என்று நினைத்து வெள்ளியன்று வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இங்கே வழக்கமான காட்சி. நடுகற்கள் இருக்கின்றன, கண்டியின் கடைசி அரசனோடு தொடர்புடைய தந்தச் சதுரங்கப் பலகையும் இருக்கிறது.

அந்த அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபின் இங்கே கொண்டுவரப்பட்டு 1832-இல் இறக்கும்வரை கோட்டையில் சிறையிருந்தான். அதற்கு முன்னால் 1799-க்குப் பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பமும் இதே கோட்டையில். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்கு இங்கே கல்யாணம். மறுநாள் விடியுமுன் ஆங்கிலேயர் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காதணி கூடாது, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்ற உத்தரவுகள் உடனடிக் காரணம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையே கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டார். அதன் நினைவுத் தூண் கோட்டைக்குள் இல்லை. வெளியே மக்கான் சிக்னலில் நிற்கிறது. 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தால் மணி பத்தரை. அதற்கு மேல் கோட்டைக்குள் நிற்காதீர்கள். பாலாற்றங்கரையில் கண்டி அரசனின் சமாதி இருக்கும் முத்து மண்டபத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். கோட்டையிலிருந்து அதிக தூரமில்லை, கட்டணமும் இல்லை.

நான்கு மணி நேரத்துக்கு நான்கு பேர் குடும்பத்தின் செலவு: அருங்காட்சியகச் சீட்டு, செருப்பு வைக்கும் இடத்தில் சில்லறை, காபி. நூறு ரூபாய் நோட்டு ஒன்று மீதிச் சில்லறையோடு திரும்பும்.

ஸ்ரீபுரம்: பணம் குறைவு, நேரம் அதிகம்

திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007 ஆகஸ்ட் 24 அன்று குடமுழுக்கு கண்டது. ஏறக்குறைய 1,500 கிலோ தங்கம் என்று சொல்கிறார்கள். செம்புத் தகடுகளின்மேல் தங்கத் தாளைப் பல அடுக்காக ஒட்டிச் செய்த வேலை. வெளியூர்க்காரர்கள் வேலூர் என்றதும் கேட்பது இதைத்தான், விருந்தாளிகளை இங்கே கூட்டிப் போகாமல் அனுப்பினால் குறை சொல்வார்கள். ஊரிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் அடிக்கடி உண்டு.

கோயிலைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஒரு கூரை வேய்ந்த நடைபாதை. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒருவழிப் பாதை, குறுக்கு வழி இல்லை. கட்டண வரிசையில் போனாலும் நடையைப் பெரிதாகக் குறைக்க முடியாது. காத்திருப்பு மட்டும்தான் குறையும். ஆகவே கூட்டமில்லாத நாளில் கட்டணச் சீட்டு வாங்குவது வீண். செவ்வாய், புதன் போன்ற நாட்களில் காலையிலேயே போய்ப் பொது வரிசையில் நிற்பது நல்லது. வெள்ளி, ஞாயிறு, பௌர்ணமி, பள்ளி விடுமுறை என்றால் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகுமுன் இதை யோசியுங்கள். பாதி வழியில் திரும்பி வருவதும் முன்னே போவதும் ஒரே தூரம்தான்.

செல்போன், கேமரா உள்ளே கொண்டுபோக முடியாது. அரைக்கால் சட்டை, லுங்கியில் விட மாட்டார்கள். போன் விஷயம் வெளியூர்த் துணையாட்களுக்கு முக்கியமானது. வார்டிலிருந்தோ ஓ.பி.யிலிருந்தோ எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத நாளில் மூன்று மணி நேரம் போனில்லாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்ரீபுரம் வேண்டாம், கோட்டை போதும், சி.எம்.சி.யிலிருந்து கோட்டை நடந்துபோகும் தூரம், கூப்பிட்டால் உடனே திரும்பலாம். இருவராக வந்தவர்கள் ஒருவர் வெளியே போனோடு இருந்து, மற்றவர் உள்ளே போய்வரலாம். ஆனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், வெளியேறும் வாசல் நுழைந்த வாசல் அல்ல.

மாலையில் விளக்கு போட்டபின் தங்கம் பகலைவிட அழகு. ஆனால் எட்டு மணி நடைசாத்தலை நினைத்து ஐந்துக்குள் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே அன்னதானம் உண்டு. வெளியே வரும் பாதை கடைகளின் வழியாகவே போகும். பட்ஜெட் உடைகிற இடம் அதுதான், குறிப்பாகப் பிள்ளைகள் இருந்தால்.

விரிஞ்சிபுரம்: அதிகம் பேர் போகாத இடம், அதனால்தான் போக வேண்டும்

நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், கோட்டையை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால் எங்கள் கை விரிஞ்சிபுரத்தைக் காட்டும். வேலூருக்கு மேற்கே பெங்களூர் சாலையில் 13 கிலோமீட்டர் போல. மார்க்கபந்தீஸ்வரர், மரகதாம்பிகை கோயில். திருவாரூர் தேரழகு என்று தொடங்கும் வரிசையில் விரிஞ்சிபுரம் மதிலழகு என்று முடிப்பார்கள். கீழே நின்று மதிலின் நீளத்தைப் பார்த்தபின் அது மிகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

போகும்போது ஒரு கவனம். பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் போகும் ரூட் பஸ்கள் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும். ஊருக்குள் போகும் டவுன் பஸ் கிடைத்தால் அந்த நடை மிச்சம், பெண்களுக்குக் காசும் மிச்சம். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறினால் நிறுத்தாமல் பள்ளிகொண்டாவரை கொண்டுபோய்விடுவார்கள். ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இங்கே காட்ட வேண்டியது மணிகாட்டும் கல். கோயிலுக்குள் அரைவட்டமாக ஒரு கல். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு, பிறகு ஒன்றிலிருந்து ஆறு என்று எண்கள் வெட்டியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் கோடுதான் மணி. ஒரு மெல்லிய நேரான குச்சியைக் கையோடு கொண்டுபோங்கள். கோணலான விளக்குமாற்றுக் குச்சியை வைத்துவிட்டு மணி தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு.

நேரான குச்சி வைத்தாலும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. இதில்தான் சுவை. நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். விரிஞ்சிபுரம் ஏறக்குறைய 79-இல் இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். மூன்றரைப் பாகைக்கு 14 நிமிடம். அதாவது இந்தக் கல் சராசரியில் 14 நிமிடம் பின்தங்கித்தான் காட்ட வேண்டும். அதோடு சூரியனே வருடம் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. பிப்ரவரி நடுவில் இன்னொரு 14 நிமிடம் சேர்ந்து மொத்தம் 28 நிமிடம் பின்தங்கும். மே நடுவில் பத்து நிமிடம்தான். நவம்பர் முதல் வாரத்தில் கடிகாரத்தைவிட ஓரிரு நிமிடம் முந்தும். கல்லில் இத்தனை நுட்பமாக நிமிடம் படிக்க முடியாது, கால்மணி நேரத் துல்லியம் கிடைத்தாலே நல்லது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை இங்கே நின்று சொன்னால் வகுப்பில் கேட்டதைவிட மனதில் நிற்கும். மேகமூட்டமான நாளில் போய்ப் பயனில்லை. காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள். நண்பகலில் கோயில் சாத்திவிடும், மறுபடி மாலை நான்குக்குத்தான்.

அதற்கு அடுத்தது ஒரு கல்வெட்டு. முன் கோபுரத்தின் உள்பக்கம், 1425-ஆம் ஆண்டு, விஜயநகரத் தேவராயர் காலத்தது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் (குஜராத் பக்கத்தவர்) எல்லாரும் கூடி ஒப்புக்கொண்டு எழுதிவைத்தது: இனிமேல் கல்யாணம் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும்; பொன் வாங்கிப் பெண் கொடுக்கிறவனும் பொன் கொடுத்துப் பெண் எடுக்கிறவனும் அரச தண்டனைக்கு உரியவர்கள், சாதியிலிருந்தும் விலக்கப்படுவார்கள். அன்று பொன் பெண் வீட்டுக்குப் போனது, இன்று எந்தப் பக்கம் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீட்டார் யாராவது கூட வந்தால் இந்தச் சுவரைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.

சிங்க வாய் வடிவில் நுழைவாயில் உள்ள சிம்ம தீர்த்தமும் இங்கே பெயர் பெற்றது. கார்த்திகைக் கடை ஞாயிறுக்குப் பிள்ளைவரம் வேண்டி வரும் பெண்களால் ஊரே நிறைந்துவிடும். வேண்டுதல் இருந்தால் அன்று போங்கள். கல்லும் கல்வெட்டும் பார்க்க வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு இங்கே கடைகள் குறைவு. தண்ணீர் பாட்டிலும் புளிசாதமோ தயிர்சாதமோ கையில் இருந்தால் செலவு பஸ் கட்டணத்தோடு முடியும்.

பொன்னையாற்றுப் பக்கம்: ஒரு முழு நாள் இருந்தால் மட்டும்

திருவலம், வள்ளிமலை, மேல்பாடி மூன்றும் வடகிழக்கில் ஒரே பக்கம் இருக்கின்றன. சரித்திரம் என்று பார்த்தால் நான்கு தேர்வுகளில் இதுதான் கனமானது. பஸ் என்று பார்த்தால் இதுதான் பலவீனமானது.

திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் காஞ்சனகிரி மலை இருக்கும் எதிர்த் திசையைப் பார்த்திருக்கும். காட்பாடியிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டிகள் திருவலம் நிலையத்தில் நிற்கும். ஆண்களுக்கு இதுவே மலிவான வழி. ஆற்றைக் கடக்கும் பழைய இரும்புப் பாலமும் பார்க்கத் தக்கது.

வள்ளிமலை வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மலைமேல் முருகன் கோயில், வள்ளியை மணந்த கதையோடு கட்டிய ஊர். அதே மலையில் சமணச் சிற்பங்களும் குகையும்; கங்க அரசன் ராஜமல்லன் பெயர் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உண்டு. ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் சமணக் குகைப் பக்கம் போகாமலே வந்துவிடுகிறார்கள். அடிவாரத்தில் வழி கேட்டுக்கொள்ளுங்கள். படிகளை எட்டு மணிக்குள் ஏறி முடிக்க வேண்டும். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அர்த்தம். சாப்பாட்டைத் துணிப்பைக்குள் போட்டு முதுகில் மாட்டுங்கள், கையில் தொங்கவிடாதீர்கள். பாறைமேல் வெறுங்காலோடு நடப்பவர்கள் சாக்ஸ் எடுத்துப் போகலாம்.

மேல்பாடி சின்ன ஊர், பெரிய பெயர். முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயில், இங்கே இருக்கிறது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டு சொல்வது அரிஞ்சயனைத்தான். பக்கத்திலேயே சோமநாதேஸ்வரர் கோயில். இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், கட்டணம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவனின் வேலையைக் கூட்டமே இல்லாமல் கைதொடும் தூரத்தில் பார்க்க வடாற்காட்டில் இது ஒரு நல்ல இடம். ஆனால் பிள்ளைகளுக்கு இங்கே ஒன்றுமில்லை, முதியவர்களுக்கு உட்காரவும் இடமில்லை. ஆர்வம் உள்ளவர் ஒருவரோ இருவரோ போக வேண்டிய ஊர்.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கடைசி இடம் கைவிட்டுப் போகும். வள்ளிமலையோடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிடலாம் என்பவை

அமிர்தி காடும் அருவியும் மழைக்குப்பின் நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் தவிர மற்ற மாதங்களில் அருவி என்று போய்ப் பாறையைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும், பஸ்ஸும் குறைவு. ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம்; போக வரும் பஸ் கட்டணத்திலேயே பட்ஜெட் தீர்ந்துவிடும். காவலூர் வைணு பாப்பு வானோக்ககம் பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான், சொந்த வண்டி இல்லாமல் திரும்புவது சிரமம். ஆற்காட்டில் பழைய கோட்டையின் மிச்சமாக நிற்கும் டெல்லி கேட்டை அதற்காகவே போய்ப் பார்க்கத் தேவையில்லை. மக்கன் பேடா இனிப்பு வாங்கப் போகிற நாளில் சேர்த்துப் பார்க்கலாம்.

யாருக்கு எது

மூன்று மணி நேரம்தான், போன் கையில் இருக்க வேண்டும் என்றால் கோட்டை. வேறு யோசனை வேண்டாம். வெளியூர் உறவினர் முதல்முறை வந்திருக்கிறார்கள் என்றால் காலையில் கோட்டை, மதியம் வீட்டில் தூக்கம், நாலரைக்கு ஸ்ரீபுரம். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் விரிஞ்சிபுரம், வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து. வெள்ளிக்கிழமையானால் அருங்காட்சியகமும் இல்லை, ஸ்ரீபுரத்தில் கூட்டமும் அதிகம்; அந்த நாளுக்கும் விரிஞ்சிபுரமே. அக்னி நட்சத்திர வாரங்களில் வள்ளிமலையை நினைக்காதீர்கள். மழை நாளில் ஸ்ரீபுரத்தின் கூரை போட்ட பாதைதான் நனையாமல் நடக்கக் கூடியது.

சாப்பாடு மூன்று வேளையும் வெளியே என்றால் இருநூறு ரூபாய் போதாது. மாநகராட்சி அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. ஆனால் மதியச் சாப்பாடு நேரத்தோடு போகாவிட்டால் தீர்ந்துவிடும். நேதாஜி மார்க்கெட்டில் வாழைப்பழமும் வெள்ளரிக்காயும் வாங்கிக்கொள்வது வெயிலுக்கும் நல்லது. சமையல் வசதியோடு அறை எடுத்திருக்கும் துணையாட்கள், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், விதை கம்மி, குழம்பில் சீக்கிரம் வேகும். ஆம்பூர் பிரியாணி சாப்பிட ஆம்பூருக்கே போவது வேறொரு நாளின் வேலை, வேறொரு பட்ஜெட்.

எங்கே போனாலும் இறங்கியவுடன் டீக்கடையில் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சாமியைப் பிறகு பார்க்கலாம். மேல்பாடி, வள்ளிமலைப் பக்கம் ஒரு பஸ் தவறினால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பொறுக்க முடியாமல் ஆட்டோவில் காட்பாடி வந்தால் நாள் முழுக்க மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு சவாரியில் போய்விடும்.